நீள வண்டியின் மரப் பொத்தான்

ஏப்ரல் மாதத்தில் ஒரு மூஸ் மான் சாலையைக் கடந்தது. மாட்டைவிடப் பெரிய அந்த மான் இடப்பக்கமும் பார்க்கவில்லை, வலப்பக்கமும் பார்க்கவில்லை. எதிரே வந்த, வாடகைக்கு வண்டி விடும் மிஸ்டர் லாயிட்டின் வெள்ளை நிற நீள வண்டியான லிமோசின் அதன்மேல் மோதிவிட்டது. மான் உடம்பை உதறிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது. வண்டிதான் இன்னும் பட்டறையில் கிடக்கிறது.

அதனால்தான் கென்னாவின் பள்ளி நிறைவு நடன விழாவான ப்ராமுக்கு வெள்ளை வண்டி கிடைக்காமல் போயிற்று.

பெட்ரி கோவ் என்ற மீனவ ஊரில் ப்ராம் என்றால் நடனமெல்லாம் அப்புறம்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பவர்கள் யார் எதில் வந்து பள்ளி வாசலில் இறங்குகிறார்கள் என்பதுதான் விசேஷம். அதைப் பார்க்க மொத்த ஊரும் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சாலையோரம் வந்துவிடும். போன வருடம் ஒருவன் புல்வெட்டும் வண்டியில் வந்தான். இரண்டு பெண்கள் தீயணைப்பு வண்டியின் கூரையில் உட்கார்ந்து வந்தார்கள்.

கென்னாவுக்கு ஆறு வயதிலிருந்தே நீள வண்டி ஆசை.

"நீள வண்டி எதுக்கு? என் டிரக்கு இருக்கு. சிங்கி இறால் கூண்டு மேல மெத்தை போட்டு உக்கார வைக்கிறேன்" என்று அப்பா சீண்டுவார்.

"நாறும்ப்பா."

"ஊரே நாறுது. உன்னை மட்டும் யாரு மோந்து பாக்கப் போறாங்க?"

அந்த அப்பா நவம்பர் மாதம் ஒரு காலையில் படகைக் கட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். எழவே இல்லை.

அதற்குப் பிறகு கென்னா சிரிக்கவில்லை. சாப்பிட்டாள், படித்தாள், பாத்திரம் கழுவினாள். சிரிப்பு மட்டும் வரவில்லை. மே மாதம் தோழிகள் வந்து, "ஆறு பேரும் சேந்து வண்டி எடுக்கலாமா? நீதான் ஏற்பாடு பண்ணணும்" என்று கேட்டார்கள். அவள் சரி என்றாள். அன்று அவள் தொலைபேசியில் வண்டியைப் பற்றிப் பேசியபோது, அம்மா சமையலறையில் ரேடியோவை அணைத்துவிட்டு அந்தக் குரலையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு வண்டியைப் பார்க்கக் கென்னா பக்கத்து ஊருக்குப் போனாள். தங்கை மார்லியும் ஒட்டிக்கொண்டாள். மார்லிக்குப் பத்து வயது.

"வெள்ளை இல்லம்மா. மான் விஷயம் கேள்விப்பட்டிருப்பியே" என்றார் மிஸ்டர் லாயிட். "கறுப்புதான் இருக்கு. கறுப்பும் ராஜா மாதிரி இருக்கும்."

அவர் யார் முகத்தையும் பார்க்காமல் பேசினார். வண்டியைப் பளபளவென்று துடைத்து, உள்ளே வண்ண விளக்குகள் கட்டி வைத்திருந்தார்.

கென்னா உள்ளே ஏறிக் காலை நீட்டினாள். காலை எவ்வளவு நீட்டினாலும் எதிர் இருக்கை எட்டவில்லை. அதைப் பார்த்து அவள் சிரித்துவிட்டாள். ஏழு மாதம் கழித்து வந்த சிரிப்பு.

மார்லிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் ஜன்னலோர இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோல் இருக்கையில் வரிசை வரிசையாகக் கறுப்புப் பொத்தான்கள் பதிந்திருந்தன. ஓர் இடத்தில் மட்டும் பொத்தான் இல்லை, நூல் நீட்டிக்கொண்டிருந்தது.

அதைப் பிய்த்தவள் அவள்தான். அப்பாவை அடக்கம் செய்த அன்று தேவாலயத்துக்கு அம்மாவோடு மூவரும் இதே வண்டியில்தான் போனார்கள். அழக்கூடாது என்று நினைத்து அந்தப் பொத்தானைத் திருகிக்கொண்டே போனாள். அது கையோடு வந்துவிட்டது. கென்னாவோ அன்று அம்மாவின் மடியில் முகம் புதைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவள் வண்டியையும் பார்க்கவில்லை, வழியையும் பார்க்கவில்லை.

"என்னடி வாலு, பேச்சையே காணோம்? பொறாமையா?" என்றாள் கென்னா.

"ஆமா" என்றாள் மார்லி.

மறுநாள் காலை மார்லி சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாக மிஸ்டர் லாயிட்டிடம் போனாள்.

"வேற நீள வண்டி இல்லையா?"

அவர் தொப்பியைக் கழற்றினார். "கண்டுபிடிச்சிட்டியா? நேத்தே நினைச்சேன். வேற இல்ல கண்ணு. நான் வேணா இதுவும் ரிப்பேர்னு சொல்லிடட்டுமா? ஊரே நம்பும். என் ராசி அப்படி."

மார்லி யோசித்தாள். நேற்றைய சிரிப்பு நினைவுக்கு வந்தது. அதைப் பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை.

"வேண்டாம். இன்னொண்ணு சொல்லணும். அந்தப் பொத்தானைப் பிச்சது நான்தான்."

"நீதானா? ஏழு மாசமா சீட்டுக்கு அடியில தேடிட்டிருக்கேன். எங்க அது?"

"எல்லாரும் மண்ணு போட்டாங்கல்ல. அப்போ என் கையில அதுவும் இருந்துச்சு. மண்ணோட சேந்து விழுந்திடுச்சு. அது அப்பாகிட்ட இருக்கு."

மிஸ்டர் லாயிட் துணியைக் கையில் எடுத்தார். துடைத்த கதவையே மறுபடி துடைத்தார்.

"நான் வேற பொத்தான் கொண்டுவந்து தைச்சுத் தரட்டுமா?" என்று கேட்டாள் மார்லி.

"எப்ப வேணாலும் வா" என்றார் அவர்.

வீட்டில் பின்கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் அப்பாவின் கம்பளிச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பெரிய மரப் பொத்தான்கள் வைத்த சட்டை. நவம்பரிலிருந்து அதை யாரும் தொட்டதில்லை. அதைச் சுற்றித்தான் எல்லோரும் நடந்தார்கள்.

மார்லி நாற்காலி போட்டு ஏறினாள். கத்தரிக்கோலை மேல் பொத்தானின் அடியில் நுழைத்தாள்.

"மார்லி."

அம்மா வாசலில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "கீழ இறங்கு. யாரைக் கேட்டு அதுல கை வச்சே?"

மார்லி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். வண்டியைப் பற்றி, திருகிய பொத்தானைப் பற்றி, அது விழுந்த இடத்தைப் பற்றி. அம்மா சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எந்த வண்டின்னு எனக்குத் தெரியும்" என்றாள். "இந்தப் பக்கம் வேற எங்க இருக்கு நீள வண்டி? சொல்லிடலாம்னு நாலு தடவ அவ ரூம் வரைக்கும் போனேன். ஒவ்வொரு தடவையும் உள்ள பாடிட்டிருந்தா. திரும்பி வந்துட்டேன்."

"நான் சொல்றேன்மா. ஆனா முதல்ல பொத்தான் தைக்கணும். அந்த வண்டியில அப்பாவோடது ஏதாவது ஒண்ணு இருந்தா, ஏறதுக்கு அவ்வளவு பயமா இருக்காது."

அம்மா அந்தச் சட்டையை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் எழுந்துவந்து, மார்லியின் கையைப் பிடித்துக் கத்தரிக்கோலைக் கீழே நகர்த்தினாள்.

"மேல் பொத்தானை எடுக்காத. கழுத்துல காத்து அடிக்கும் அவருக்கு. கடைசிப் பொத்தானை எடு. அதை அவர் போட்டதே இல்ல."

சொல்லிவிட்டு அம்மாவும் அழுதாள். இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்த நூலை வெட்டினார்கள்.

அப்பா கூண்டுக்கு வலை பின்னும் பச்சை நூலால் மார்லி பொத்தானைத் தைத்தாள். தோல் தடிமனாக இருந்ததால் ஊசி உள்ளே போக மறுத்தது. மிஸ்டர் லாயிட் குறடால் பிடித்து இழுத்துக் கொடுத்தார். அவர் விரலில் இரண்டு இடத்தில் குத்திக்கொண்டார்.

"நல்லா இருக்கா?" என்று கேட்டாள் மார்லி.

கறுப்புப் பொத்தான்களுக்கு நடுவில் அந்த மரப் பொத்தான் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்திருந்தது.

"இனிமே என் வண்டி தொலைஞ்சாலும் அடையாளம் சொல்லிடுவேன்" என்றார் அவர்.

விழா நாள் வந்தது. மாலை ஐந்து மணிக்கும் வெயில் நன்றாக இருந்தது, ஆனால் கடல்காற்று குளிர்ந்தது. தோழிகள் ஐந்து பேரும் படகுத்துறையில் வந்து ஏறிக்கொள்வதாக ஏற்பாடு. வண்டி முதலில் கென்னாவின் வீட்டுக்கு வந்தது. நீல கவுன் போட்ட கென்னா படியிறங்கினாள். அம்மா அப்பாவின் கம்பளிச் சட்டையை மேலே போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். அதைப் பார்த்ததும் கென்னா ஒரு நொடி தயங்கினாள்.

"கென்னா, ஏறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்றாள் மார்லி.

"என் தலை நல்லா இல்லையா?"

"தலை நல்லாத்தான் இருக்கு. இது... அன்னைக்கு நாம போன வண்டி."

கென்னாவுக்கு உடனே புரிந்துவிட்டது. ஓரடி பின்னால் நகர்ந்தாள். அவள் கண்கள் அம்மாவைத் தேடின. அம்மா மெல்லத் தலையாட்டினாள்.

"எனக்கு வேணாம்" என்றாள் கென்னா. குரல் உடைந்தது. "நான் நடந்தே போறேன். இல்லாட்டி போகவே வேணாம்."

மார்லி அவசரப்படுத்தவில்லை. வண்டிக் கதவை மட்டும் திறந்து பிடித்தாள். "ஜன்னல் பக்கம் பாரு."

கென்னா குனிந்து பார்த்தாள். பச்சை நூல் தெரிந்தது, மரப் பொத்தான் தெரிந்தது. அவள் திரும்பி அம்மாவின் சட்டையைப் பார்த்தாள். கீழே ஒரு பொத்தான் குறைந்திருந்தது.

"இந்த வண்டியோட பொத்தான் அப்பாகிட்ட இருக்கு" என்று மார்லி காதோடு சொன்னாள். "அதான் அப்பாவோடதை இதுக்குக் குடுத்தேன்."

கென்னா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். கண்மை கன்னத்தில் இறங்கியது. மிஸ்டர் லாயிட் கைக்குட்டையை நீட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு அவள் ஏறினாள். பொத்தான் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் ஏறுங்க. துறை வரைக்கும்."

மூவரும் அன்று உட்கார்ந்தது போலவே நெருங்கி உட்கார்ந்தார்கள். வண்டி மெதுவாகக் கடற்கரைச் சாலையில் இறங்கியது.

"மார்லி, அன்னைக்கு நான் எதையும் பாக்கல. வழியில என்ன இருந்துச்சு?"

"ஊரே நின்னுச்சு. ரோட்டோட ரெண்டு பக்கமும். படகுக்காரங்க எல்லாம் தொப்பியைக் கழட்டிக் கையில வச்சிருந்தாங்க. மழை பேஞ்சுது. யாரும் திரும்பப் போட்டுக்கல."

"எல்லாருமா?"

"எல்லாரும். சின்னப் பசங்ககூட."

வண்டி வளைவில் திரும்பியது. சாலையின் இரு பக்கமும் மடக்கு நாற்காலிகள். அதே மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நீள வண்டியில் வருவது யார் என்று தெரிந்ததும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். படகுக்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். யாரோ ஒருவர் விரலை வாயில் வைத்து, அப்பா அடிப்பதைப் போலவே நீளமாகச் சீழ்க்கை அடித்தார்.

அம்மா சட்டையை இழுத்து மூடிக்கொண்டாள். மார்லி அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். கென்னாவின் கட்டைவிரல் மரப் பொத்தானின்மேல் இருந்தது. கண்ணீர் வழிந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டு, துறை வரும்வரை அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள்.