ஐம்பது ஆண்டு உத்தரவாதம்

செவ்வாய்க் கோளின் ஆறாம் கூடாரத்தில் வியாழக்கிழமைதோறும் வானத்தைத் துடைப்பார்கள். காலை ஆறு மணிக்கு இரண்டு எந்திரங்கள் கண்ணாடிக் கூரைமேல் ஏறி, வாரம் முழுக்கப் படிந்த செந்தூசியை வழித்துத் தள்ளும். அரை மணி நேரத்தில் வெயில் பளிச்சென்று உள்ளே இறங்கும். அதற்காகவே குடியிருப்பில் எல்லோரும் போர்வை துவைப்பதை வியாழனுக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

அப்படி ஒரு வியாழக்கிழமைதான் குமரகுருவின் பெட்டி பூமியிலிருந்து வந்து சேர்ந்தது. பத்து மாதப் பயணம். உள்ளே ஒரு படக்கருவி இருந்தது.

அந்தக் காலத்தில் படக்கருவி வாங்குகிறவர்கள் அபூர்வம். குழந்தை பிறந்து பேர் வைப்பதற்கு முன்பே அதன் வலக்கண்ணில் ‘கண்ணேடு’ என்ற மெல்லிய தகட்டைப் பொருத்திவிடுவார்கள். பார்ப்பதெல்லாம் அதில் பதியும். ஆனால் குடியேற்றத்தின் கணினிகளுக்குக் காற்றையும் தண்ணீரையும் கவனிக்கவே நேரம் போதவில்லை; பழைய காட்சிகளைச் சேர்த்து வைக்க அவற்றில் இடமில்லை. தொண்ணூறு நாள் ஆனதும் கண்ணேடு தன்னைத் தானே கழுவிக்கொள்ளும். போன பொங்கலுக்குக் கட்டிய புடவை என்ன நிறம் என்று கேட்டால் ஊரே விழிக்கும்.

குமரகுருவுக்கு அறுபத்தெட்டு வயது. காற்றுக்குழாய்ப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் படம் எடுக்க ஒரு காரணம் இருந்தது. ஆறாம் கூடாரத்தை இடிக்கப் போகிறார்கள். மக்களை நிலத்தடி நகரங்களுக்கு மாற்றும் உத்தரவு போன வருடமே வந்துவிட்டது. இன்னும் இருபத்தைந்து நாள்தான்.

கூடாரத்தின் மேற்குச் சுவரில் ஓர் இடம் இருந்தது. முப்பத்தொன்பது வருடங்களுக்கு முன் புளியங்கொட்டை அளவு விண்கல் ஒன்று அங்கே துளைத்துக்கொண்டு உள்ளே வந்தது. காற்று சீறி வெளியே போய்க்கொண்டிருந்தபோது குமரகுருவும் அடுத்த வீட்டு அந்தோணிசாமியும் அடைப்பு நுரையைப் பீய்ச்சி, அது பிய்த்துக்கொண்டு போகாமல் இருக்கத் தங்கள் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார்கள். நுரை இறுகுவதற்கு நாலு மணி நேரம் ஆயிற்று. பயம் தெரியாமல் இருக்க அந்தோணிசாமி தன் கல்யாணச் சாப்பாட்டில் பரிமாறியதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் சட்டையைக் கத்தரித்துத்தான் இருவரையும் எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு முதுகுகளின் வடிவமும், ஒரு நீலச் சட்டையின் கிழிசலும், ஒரு கட்டம் போட்ட சட்டையின் கிழிசலும் சுவரிலேயே நின்றுவிட்டன. ஊரில் அதற்கு ‘ரெட்டை முதுகு’ என்றே பேர். குழந்தைகள் கண்ணாமூச்சி ஆடும்போது அங்கேதான் எண்ணத் தொடங்கும்.

அந்தப் பள்ளத்தில் அந்தோணிசாமியோடு மறுபடி ஒருமுறை உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் குமரகுருவின் ஆசை.

பெட்டியைத் திறந்ததும் புதுத் தோல்வாரின் வாசனை வந்தது. கருவி கையில் கனத்தது. செவ்வாயின் குறைந்த ஈர்ப்பிலேயே இந்தக் கனம் என்றால் பூமியில் எப்படி இருந்திருக்கும் என்று வியந்தார். திருகும் வளையங்கள் வெண்ணெயில் சுற்றுவதுபோல் சுற்றின. திரையில் மனைவி அம்சவேணியின் முகம் தெரிந்தபோது அவருக்கு மூச்சே நின்றுவிட்டது. காது மடலில் பழைய தோட்டுத் துளை தூர்ந்துபோன தழும்புவரை தெரிந்தது. நாற்பது வருடமாகப் பார்த்த முகத்தை அன்றுதான் பார்த்ததுபோல் இருந்தது. திரைமேல் ஒட்டியிருந்த மெல்லிய தாளை அவர் உரிக்கவில்லை. கீறல் விழுந்துவிடுமே.

அப்போது கருவி பேசியது. “வணக்கம். பொத்தானின் முதல் அழுத்தத்திலிருந்து ஐம்பது ஆண்டு உத்தரவாதம் தொடங்கும். காற்றில் தூசி நான்கு அலகுக்கு மேல் இருக்கும்போது இயக்கினால் உத்தரவாதம் செல்லாது. தற்போதைய அளவு மூன்று புள்ளி ஆறு.”

“ஒண்ணு எடுங்களேன்” என்றாள் அம்சவேணி.

முதலில் உத்தரவாதப் புத்தகத்தைப் படித்துவிடலாம் என்றார் குமரகுரு. அது இருநூறு பக்கங்களுக்கு மேல் இருந்தது. வாழ்நாளெல்லாம் கையேடு படித்துக் குழாய் பூட்டியவர்; ஒரு வரியும் தாண்டாமல் படித்தார். விழுந்தால் உண்டு, ஆனால் மூன்று அடிக்குள் விழ வேண்டும். ஈரம் பட்டால் உண்டு, வியர்வைக்கு இல்லை. தூசிக்கு மட்டும் எந்தச் சலுகையும் இல்லை. படித்து முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. அதற்குள் பக்கத்து ஐந்தாம் கூடாரத்தை அறுக்கத் தொடங்கிவிட்டார்கள். இணைப்புச் சுரங்கப்பாதை வழியாகச் செந்தூசி மெல்லிய புகைபோல் உள்ளே வரத் தொடங்கியது.

அதன்பிறகு தினமும் காலையில் எழுந்ததும் கருவியிடம் தூசி அளவு கேட்பதே அவர் வேலையாயிற்று. நாலு புள்ளி இரண்டு. நாலு புள்ளி எட்டு. வியாழன் வந்தது, போனது. துடைக்கும் எந்திரங்களைக்கூட வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். படம் எடுப்பதற்காகத்தானே வாங்கினீர்கள் என்று அம்சவேணி இரண்டு முறை கேட்டாள். மூன்றாவது முறை கேட்கவில்லை.

கடைசி நாள் மாலை அந்தோணிசாமி சவரம் செய்துகொண்டு, கட்டம் போட்ட சட்டை ஒன்றை எங்கிருந்தோ தேடிப் போட்டுக்கொண்டு வந்தான். இருவரையும் வேறு வேறு நகரங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அவனுக்கு வடக்கே, சுரங்க ரயிலில் இரண்டு நாள் தூரம். ரெட்டை முதுகில் தன் பக்கத்துப் பள்ளத்தில் போய் முதுகைப் பொருத்தி உட்கார்ந்தான். வயதில் உடம்பு சுருங்கியிருந்ததால் பள்ளம் அவனுக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினான். அம்சவேணி கருவியைத் தூக்கிப் பிடித்தாள். திரையில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

“எச்சரிக்கை. தூசி ஆறு புள்ளி ஒன்று” என்றது கருவி.

குமரகுரு பாதி வழியில் நின்றார். அம்சவேணியின் விரல் பொத்தான்மேல் இருந்தது. அவள் அவரையே பார்த்தாள். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்.

அவர் முகத்தை அந்தோணிசாமி படித்துவிட்டான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தான்.

“விடுடே குரு. எம்புட்டு ஆசையா வாங்கியிருக்க. நான் எங்க போயிரப் போறேன்? உன் ஊருக்கு வாறேன். அங்க தூசியே கெடையாதாம்லா.”

குமரகுருவுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து அவர் பின்னால் பல நாள் கூசினார். மறுநாள் அவர்கள் ரயில் ஏறும்போது மேற்குச் சுவரை அறுக்கும் சத்தம் கேட்டது.

நிலத்தடி நகரத்தில் நிஜமாகவே தூசி இல்லை. அளவு எப்போதும் பூஜ்யம் புள்ளி ஒன்று. அங்கே எடுக்கத்தான் எதுவும் இல்லை. சாம்பல் நிறச் சுவர், சாம்பல் நிறக் கதவு, பேர் தெரியாத அண்டை வீடு. முதல் படம் நல்ல படமாக இருக்க வேண்டும் என்று குமரகுரு காத்திருந்தார். அந்தோணிசாமி வரட்டும் என்று இருந்தார். குரல் மட்டும் கேட்கும் அழைப்பில் அவனும் இதோ அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

நூற்றுப் பதினோராவது நாள் அவன் மகள் ஜெசிந்தா பேசினாள். அவள் சுற்றுப்பாதை நிலையத்தில் வேலை பார்ப்பவள். அப்பாவைப் பார்த்து ஒரு வருடமாகிறது. முந்தைய நாள் காலையில் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார் என்றாள். பிறகு அவள் கேட்டாள்:

“மாமா, அப்பா முகம் என் கண்ணேட்டுல இல்ல. எப்பவோ கழுவிப் போயிருச்சு. அந்த வடக்கூர்ல அவரை யாருக்கும் சரியாத் தெரியாது. உங்ககிட்ட பெரிய கேமரா இருக்குன்னு அப்பா சொல்லிட்டே இருப்பாரு. மாலை போட ஒரு படம் அனுப்புறீங்களா?”

தேடிப் பார்க்கிறேன் என்றார் குமரகுரு. தன் கண்ணேட்டைப் புரட்டினார். தொண்ணூறு நாளும் சாம்பல் நிறச் சுவர்தான்.

அன்று மதியமே கருவியைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் போனார். திரையில் அவன் தெரிந்தானே, அது எங்காவது ஒரு மூலையில் பதிந்திருக்காதா என்று ஒரு நப்பாசை. முகப்பில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் இருந்தார். சட்டைப்பையில் ‘தேன்மொழி’ என்று பேர்ச்சீட்டு. கருவியை வாங்கிச் சோதித்துப் பார்த்தவர் தலையசைத்தார். பொத்தானை அழுத்தாமல் எதுவும் பதியாது. திரையில் தெரிவது கண்ணாடியில் தெரிவதுபோலத்தான், நகர்ந்தால் போய்விடும் என்று விளக்கினார்.

குமரகுரு கருவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு, ஆறு புள்ளி ஒன்றில் எடுத்திருந்தால் கருவி என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார்.

“ஒண்ணும் ஆகியிருக்காதுங்க. அறுபது வரைக்கும் தாங்கும். பத்திரமா வெச்சுக்கட்டும்னு நாலுன்னு போட்டிருக்கோம்.”

குமரகுரு விடவில்லை. பின்பக்கம் பழுதுபார்க்கும் அறை இருக்கிறதா, யாராவது ஒரு முறை திறந்து பார்க்க முடியுமா என்று மறுபடியும் கேட்டார். தேன்மொழி கொஞ்சம் தயங்கினார்.

“அப்படி ஒரு அறையே இல்லைங்கய்யா. பன்னெண்டு வருஷமா இங்க இருக்கேன், ரிப்பேர்னு ஒண்ணுகூட வந்ததில்ல. வாங்குனவங்கள்ல பாதிப் பேர் இன்னும் ஒரு படமும் எடுக்கல. இல்லாட்டி அம்பது வருஷம் வாரன்ட்டி குடுக்கக் கட்டுபடியாகுங்களா?”

வந்ததற்குக் கருவி நல்ல நிலையில் இருக்கிறது என்று ஒரு பதிவாவது செய்து தருகிறேன், அதற்கு ஒருமுறை அழுத்திக் காட்ட வேண்டும் என்றார் அவர். குமரகுரு ஏதும் யோசிக்காமல் கருவியை உயர்த்தினார். தேன்மொழி அவசரமாக முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, நேராக நின்று, அழகாகச் சிரித்தார். பொத்தான் இறங்கியது. “வாழ்த்துகள். உங்கள் உத்தரவாதம் தொடங்கியது” என்றது கருவி.

வீட்டில் அம்சவேணி திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பேர்ச்சீட்டின் நூல் இழைவரை எண்ணிவிடலாம் போலிருந்தது.

“யாருங்க இந்தம்மா?”

அவர் சொன்னார்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரொம்ப நல்லா வந்திருக்கு” என்றாள்.