அந்த போனுக்குத் தெரிந்த ஒரே எண்

"இதோட பில்லைக் காட்டுங்க சார்."

வாயைவிட்டு வந்த பிறகுதான் என்ன கேட்டோம் என்பது வசுமதிக்கு உறைத்தது. வேலையில் சேர்ந்த அன்றே கடை முதலாளி பட்டாபிராமன் சொல்லியிருந்தார். எக்ஸ்சேஞ்ச் கவுண்டரில் உட்காருகிறவள் பழைய போனுக்கு பில் கேட்கவே கூடாது. கேட்டால் வந்த ஆள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவான். துர்கா பூஜைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. பாலிகஞ்ச் முழுக்க மூங்கில் பந்தலும் எக்ஸ்சேஞ்ச் பேனரும்தான்.

ஆனால் அந்த போனில் ஏதோ சரியில்லை. தள்ளித் திறக்கும் ஸ்மார்ட்போன். சந்தைக்கு வந்தே நாலு மாதம் ஆகாத மாடல், திரையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூட இன்னும் உரியவில்லை. இதை யார் இவ்வளவு சீக்கிரம் மாற்றுவார்கள்? அதுவும் போகட்டும். எண் பொத்தான்களுக்கு நடுவில் இருந்த இடுக்குகளில் சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. மழை நாளில் வீடு கட்டும் தெருவைக் கடக்கும்போது வருமே, அந்தப் பச்சைச் சிமெண்ட் வாசனை.

"பில்லா?" எதிரே நின்றவர் சிரித்தார். ஹரிஷங்கர். படிவத்தில் அலிப்பூர் முகவரி, வங்கி அதிகாரி என்று எழுதியிருந்தார். தமிழ் பேசுகிறவள் என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்திருந்தது. இப்போது அது கொஞ்சம் மூடிக்கொண்டது. "என் வொய்ஃபோட போன்மா. அவ ஊருக்குப் போயிட்டா. இனிமே அவளுக்கு இது வேண்டாம்."

"வசுமதி," பின்னாலிருந்து பட்டாபிராமன் குரல் வந்தது. "பில்லும் வேண்டாம், கில்லும் வேண்டாம். நம்ம மனுஷா. நீங்க வாங்கோ சார், புது மாடல் ரெண்டு கலர்ல வந்திருக்கு, பாருங்கோ." அவரை அந்தப் பக்கம் அழைத்துப்போகிற போக்கில் இவள் காதருகே குனிந்தார். "பி.காம். படிச்சிருக்கேங்கற திமிரா? இஷ்டம் இல்லேன்னா சொல்லு. இந்த நாற்காலிக்கு நாளைக்கே ஆள் வரும்."

வரும்தான். அது அவளுக்குத் தெரியும். துறைமுகத்தில் இடுப்பொடிந்து வீட்டோடு கிடக்கும் அப்பா ஜம்புநாதனின் பரம்பரையில் பட்டம் என்று ஒன்றை வாங்கிய முதல் ஆள் அவள். அந்தப் பட்டத்துக்குக் கிடைத்தது இந்த நாற்காலி. பெஹாலா வீட்டு அடுப்பு எரிவது இதனால்தான். பல்லைக் கடித்துக்கொண்டு போனை எடுத்தாள்.

சிம்மை அவர் ஏற்கெனவே கழற்றியிருந்தார். எல்லாரும் செய்கிற தப்புதான். சிம் போனால் அதிலிருந்த எல்லாமே போய்விட்டதாக நினைப்பார்கள். மெசேஜ்கள் போனின் வயிற்றிலேயே கிடக்கும். அனுப்பியவற்றிலும் வந்தவற்றிலும் எதுவும் இல்லை. அழித்திருந்தார்கள். டிராஃப்ட்ஸில் மட்டும் ஏழு இருந்தன. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். ஒன்றுகூடப் போகவில்லை. எல்லாமே 'அம்மா' என்ற பெயருக்கு. எண் 9443 என்று தொடங்கியது.

அம்மா, பாலன்ஸ் அம்பது பைசாதான் இருக்கு. மெசேஜ் போகமாட்டேங்கறது. மிஸ்டு கால் மட்டும் குடுக்க முடியறது.

அம்மா, நீ திருப்பிக் கூப்பிட்டா அவர்தான் எடுப்பார். கூப்பிடாதே. மூணு ரிங் வந்தா உடனே கிளம்பி வா. ஒரே ரிங்தான்னா வர வேண்டாம்.

அம்மா, பின்பக்க ரூம்ல இருக்கேன். ஜன்னலை செங்கல் வெச்சு அடைக்கறார். மழைத் தண்ணி வரதாம்.

கடைசி மெசேஜ்: அம்மா, இப்போ கதவுக்கும் செங்கல் வந்திருக்கு. ஹம்சினி.

வசுமதி நிமிர்ந்தாள். ஹரிஷங்கர் புதிய போனைக் கையில் வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நகக்கண்களும் சாம்பல் நிறமாக இருந்தன.

"உள்ள எதுவும் படிச்சீங்களா?"

"இல்ல சார்."

"சிம்லதானே எல்லாம் இருக்கும்?"

"ஆமா சார்."

"ரீசெட்டைப் போட்டு சாருக்குக் காட்டு," என்றார் பட்டாபிராமன்.

அதுதான் கடை வழக்கம். வாடிக்கையாளர் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். ரீசெட் எண்ணை அடித்தாள். அடித்தது அவள் விரல்தான். வேறு யாருடைய விரலும் இல்லை. திரை வெளுத்தது, பிறந்த குழந்தையைப் போல போன் நாள், மணி எல்லாம் கேட்டது. பிறகு கடை சிம்மைப் போட்டு, கவுண்டரிலிருந்த லேண்ட்லைனுக்கு ஒரு டெஸ்ட் கால். அடித்தது. நிறுத்தினாள். மணி மூன்று நாற்பது. சிம், பேட்டரி இரண்டையும் கழற்றி, உடம்பை மேசைக்குக் கீழே இருந்த அட்டைப்பெட்டியில் போட்டாள்.

ஹரிஷங்கர் போகும்போது நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள், செவ்வாய்க்கிழமை, மழை விடவில்லை. கடைக்குள் ஈரக்குடைகளின் வாடை, இன்வெர்ட்டரின் ரீங்காரம், வாசலில் பந்தல்காரர்கள் கயிறு இழுக்கும் சத்தம். இத்தனைக்கும் நடுவில் மூன்று நாற்பதுக்கு லேண்ட்லைன் அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. கையை நீட்டுவதற்குள் நின்றுவிட்டது. எண் தெரியும் சின்னத் திரையில் வெறும் கோடுகள்.

"மிஸ்டு கால்," என்றார் பட்டாபிராமன், தலையைத் தூக்காமலே. "காசு செலவழிக்காம பேசணும் எல்லாருக்கும்."

வசுமதி மேசைக்குக் கீழே இருந்த பெட்டியைப் பார்த்தாள். அப்போதுதான் அவள் மனது கணக்குப் போட்டது. எல்லாவற்றையும் அழித்த பிறகு அந்த போன் அழைத்தது ஒரே ஒரு எண்ணைத்தான். அதற்கு அம்மாவின் எண் இப்போது தெரியாது. அதற்குத் தெரிந்த ஒரே எண் இந்தக் கவுண்டர்.

பைத்தியக்காரத்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் சாயங்காலம் நேரே வீட்டுக்குப் போகாமல் போலீஸ் தானாவுக்குப் போனாள். எழுத்தர் பொறுமையாகவே கேட்டார். அந்த மெசேஜ் எங்கே? அழித்துவிட்டேன். யார் அழிக்கச் சொன்னது? யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை, நான்தான் அழித்தேன். அவர் பேனாவை மூடினார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

வீட்டில் அம்மா சுந்தரவல்லி சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "பெரிய எடத்து விசயம்டி. அவங்க பொண்டாட்டி, அவங்க பாடு. நீ இதுல போய் தலைய குடுத்து வேலைய தொலைச்சிட்டு வந்து நிக்காத."

"அவ உள்ள இருக்காம்மா."

"இருக்கான்னு நீ பாத்தியா?"

படித்ததை மட்டும்தான் பார்த்தாள். ஹம்சினியுடைய அம்மாவின் எண்ணை நினைவுக்குக் கொண்டுவர ராத்திரி முழுக்க முயன்றாள். 9443. அப்புறம் 24. அதற்குப் பிறகு வெள்ளைத் திரை.

புதன்கிழமை மூன்று ரிங்.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பஸ் பிடித்து அலிப்பூருக்குப் போனாள். படிவத்திலிருந்த முகவரி ஒரு பழைய ஒற்றை மாடி வீடு. பாசி பிடித்த மதில், பூட்டிய வாசல். பக்கத்துச் சந்து வழியாகப் பின்புறம் போனாள். ஜன்னல் இருந்த இடத்தில் புதுச் செங்கல், அதன் மேல் பூச்சு. இத்தனை நாள் ஆகியும் ஒரு இடம்கூட வெளுக்காமல் முழுதும் ஈரமாகவே இருந்தது. கையை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. நெற்றியில் கை வைத்தால் காய்ச்சல் தெரியுமே, அப்படி.

பக்கத்து வீட்டு மாடியில் துணி எடுக்க வந்த வங்காளி அம்மா எட்டிப் பார்த்தாள். "பௌதி தோ பாபேர் பாடி கேச்சே," என்றாள். அந்த வீட்டு அண்ணி அப்பா வீட்டுக்குப் போயிருக்கிறாளாம். எப்போது என்று வசுமதி கேட்டாள். போனதை யாரும் பார்க்கவில்லை. ஜன்னலில் மழைத் தண்ணீர் வந்தது, அதனால் அடைத்தார், ரொம்ப நல்ல மனிதர், பூஜைக்கு நன்கொடை முதலில் கொடுத்தது அவர்தான்.

வசுமதி சுவரில் காதை வைத்தாள். முதலில் மழை. பிறகு அவள் ரத்தத்தின் சத்தம். அதற்கும் அடியில் ஒன்று. மெதுவாக. நகம் சொரசொரப்பான ஒன்றின் மேல் இழுபடும் சத்தம். நிற்கும். மறுபடி இழுக்கும். "ஹம்சினி," என்று கூப்பிட்டாள். சத்தம் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ காதை வைத்தது மாதிரி ஒரு நிசப்தம்.

வாசல் பக்கம் கார் வந்து நிற்கும் ஓசை கேட்டது. அவள் ஓடினாள். பிற்பாடு தன்னை அவள் மன்னிக்காதது அதற்காகத்தான். ரீசெட் போட்டதற்குக்கூட இல்லை.

அன்றைக்கு அவள் கடைக்குத் திரும்பும்போது மணி நாலு. மூன்று ரிங் வந்ததா என்று அவள் கேட்கவில்லை. பட்டாபிராமனும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு ரிங்.

சனிக்கிழமை பகலிலேயே கரண்ட் போய், இன்வெர்ட்டரும் சோர்ந்து, கடை தண்ணீருக்குள் இருப்பது போலப் பச்சையாக மங்கிக் கிடந்தது. வாடிக்கையாளர் யாரும் இல்லை. ஐந்து மணிக்குப் பழைய போன் வியாபாரி வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவான் என்று பட்டாபிராமன் சொல்லியிருந்தார். வசுமதி கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்து பார்த்தாள். முடியவில்லை. மூன்று முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

நாற்பது.

ஒரு ரிங்.

காத்திருந்தாள். இரண்டாவது வரும். வர வேண்டும். லேண்ட்லைன் மேல் கையை வைத்துக்கொண்டே காத்திருந்தாள். பந்தலிலிருந்து நீர் சொட்டியது. வரவில்லை.

ஒரே ரிங்தான்னா வர வேண்டாம்.

மேசைக்குக் கீழே குனிந்தாள். பெட்டிக்குள் நாற்பது ஐம்பது போன்கள், பேட்டரி இல்லாமல், சிம் இல்லாமல், வயிறு திறந்து கிடந்தன. அவற்றுக்கு அடியில் வெளிச்சம். நீலமாக, மங்கலாக. மற்றவற்றை விலக்கினாள். அந்த போன்தான். பேட்டரி இருக்க வேண்டிய குழியைத் திருப்பிப் பார்த்தாள். குழி நிறைய ஈரச் சிமெண்ட். வெதுவெதுப்பாக.

திரையில் டிராஃப்ட்ஸ். ஒன்று.

திறந்தாள். அனுப்ப வேண்டிய எண்ணாக இருந்தது கவுண்டரின் எண். மெசேஜில் ஒரே ஒரு வார்த்தை.

படிச்சேளா?

காதில் வைத்தாள். நகச் சத்தம் இல்லை. மூச்சுச் சத்தம் இல்லை. மிகச் சின்ன, மிக அடைத்த ஒரு இடத்தின் வெறுமை மட்டும். அதற்குள் தன் மூச்சு போய் மோதித் திரும்புவது அவளுக்குக் கேட்டது.

"படிச்சேன்," என்றாள். "ஏழையும் படிச்சேன்."

எழுந்தாள். செருப்பை மாட்டினாள். குடையைத் தேடவில்லை. அலிப்பூருக்குப் பஸ் இப்போது கிடைக்கும். போய் என்ன செய்வது, கையில் என்ன இருக்கிறது, யார் நம்புவார்கள் என்பதெல்லாம் வியாழக்கிழமையோடு முடிந்துபோன கேள்விகள். இனி வர வேண்டாம் என்றுதான் அந்த ஒரு ரிங் சொன்னது. அவள் போகத்தான் போகிறாள்.

"எங்கே கிளம்பிட்டே? மணி நாலுகூட ஆகலை," என்றார் பட்டாபிராமன்.

"வரேன் சார்."

"கையில என்ன? அந்த போனை வெச்சுட்டுப் போ. எண்ணிக்கை குறையும்."

"வைக்க முடியல சார்."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். போனின் இடுக்குகளிலிருந்தெல்லாம் சாம்பல் நிறக் குழம்பு பிதுங்கி அவள் விரல்களுக்கு நடுவே இறங்கிக்கொண்டிருந்தது. முதல் இரண்டு விரல்கள் ஏற்கெனவே வெளுத்துக் கெட்டியாகியிருந்தன. பட்டாபிராமன் கணக்கு நோட்டில் ஒரு எண்ணைக் குறைத்து எழுதினார். அதற்கு மேல், எப்போதும் போலவே, அவர் எதுவும் கேட்கவில்லை.

அவள் படி இறங்கினாள். மழை. கையை நீட்டிப் பார்த்தாள். மழை அதைக் கழுவவில்லை. தண்ணீர் பட்ட இடமெல்லாம் இறுகியது. மணிக்கட்டு. கண்ணாடி வளையல் ஒன்று உள்ளே மூழ்கி உடைந்தது. வலிக்கவில்லை. முழங்கை.

அவள் நடந்தாள்.

பின்னால், கடைக்குள், கவுண்டர் லேண்ட்லைன் அடித்தது. ஒன்று. இரண்டு.

மூன்று.

நின்றது. அதன் அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் வெளியே நடந்துகொண்டிருந்தாள், அழைத்த போன் கையோடு இறுகி, விரலில் ஒன்றுகூட அசையாமல்.