நாலு மணி நேரத்தில் எட்டாயிரம் கிலோமீட்டர்

என் அப்பாவுக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. அவர் லாரி ஓட்டுகிறவர். டீசல் போடும்போது இறங்கிப் போய் மீட்டரை முறைப்பார். பழம் வாங்கினால் தராசுத் தட்டைத் தூக்கி அடியில் பார்ப்பார்.

அன்று நான் பள்ளி விட்டு வந்தபோது, அம்மாவின் விமான டிக்கெட்டை மேசையில் விரித்து வைத்திருந்தார். சித்தியின் பிரசவத்துக்காக வெளிநாடு போன அம்மா, இரண்டு மாதம் கழித்து மறுநாள்தான் திரும்புகிறாள்.

"குட்டி, இதப் படி. அங்க எத்தனை மணிக்குக் கிளம்புது?"

"காலைல ஒன்பது."

"இங்க எப்ப எறங்குது?"

"மத்தியானம் ஒண்ணு."

"நாலே மணி நேரம். தூரம் எட்டாயிரத்து நூறு கிலோமீட்டர். யாருக்குக் காது குத்துறாங்க?"

எனக்கும் கணக்கு இடித்தது. விமானம் மணிக்குத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் போகும் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் ஒன்பது மணி நேரம் ஆக வேண்டுமே.

"இது போலி டிக்கெட். சந்தேகமே இல்ல," என்றார். அவர் வாயில் 'சந்தேகமே இல்ல' என்பதை அன்றுதான் முதல் தடவை கேட்டேன். "டிக்கெட் போட்டுக் குடுத்த கடைக்காரர் சிரிச்சுச் சிரிச்சுப் பேசினப்பவே நெனச்சேன். பேனா வேற இனாமா குடுத்தார். யாராவது சும்மா பேனா தருவாங்களா?"

"இப்ப என்னப்பா பண்றது?"

"கேன்சல் பண்ணச் சொல்றேன். நல்லா விசாரிச்சு, அடுத்த மாசம் வேற டிக்கெட் போடலாம்."

அடுத்த மாசமா? எனக்கு அழுகை முட்டியது. இரண்டு மாதத்தைத் தள்ளியதே பெரும்பாடு.

அப்பா கடைக்குப் போன் போட்டார். லைன் கிடைக்கவில்லை. மறுபடி போட்டார். அதற்குள் எனக்கு ஒன்று உறைத்தது. பள்ளி விட்டு வந்து நான் போனில் பேசும்போதெல்லாம் அம்மா கொட்டாவி விடுவாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு யாருக்குத் தூக்கம் வரும்?

"அப்பா, கொஞ்சம் இருங்க. முதல்ல அம்மாகிட்ட அங்க மணி என்னன்னு கேளுங்க."

"என்ன, அஞ்சுதான் இருக்கும்."

"கேளுங்களேன்."

ஸ்பீக்கரில் அம்மா கொட்டாவி விட்டாள். "மணி பத்தாகுதுங்க. காலைல ஃப்ளைட்டு. தூங்க விடுங்க."

அப்பா போனை வைத்துவிட்டு எங்கள் சுவர்க் கடிகாரத்தைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"கடிகாரம் சரியாத்தான் ஓடுது," என்றேன். "அவங்க ஊர் நமக்கு அஞ்சு மணி நேரம் முன்னாடி போகுது. அம்மா அங்க ஒன்பதுக்குக் கிளம்புறப்ப, இங்க விடிகாலை நாலு. அதுலேர்ந்து ஒன்பது மணி நேரம் எண்ணுங்க."

விரல் விட்டு எண்ணினார். மத்தியானம் ஒன்று வந்தது. தன் விரல்மேல் நம்பிக்கை இல்லாமல் என் விரலைப் பிடித்தும் எண்ணினார். அப்போதும் ஒன்றுதான் வந்தது. போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் விமான நிலையத்தில் அம்மா பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். நான் ஓடிப் போய்க் கட்டிக்கொண்டேன். விடவே இல்லை.

"எவ்வளவு நேரம் உக்காந்து வந்தே?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

"ஒன்பது மணி நேரம். முதுகே போச்சு. ஆமா, நேத்து எதுக்கு மணி கேட்டீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"சும்மாதான். நீ எப்ப வருவேன்னு ரெண்டு பேரும் எண்ணிக்கிட்டிருந்தோம்," என்றார்.

அது பொய்யில்லை என்பதால் நானும் தலையாட்டினேன்.