காற்றுச் சத்தத்தில் கேட்கவில்லை

பத்துமலையின் கடை மலேசியாவின் ஈப்போ நகரத்தில், சந்தைக்குப் பின்னால் ஒரு குறுகலான சந்தில் இருந்தது. டயர், செயின், விளக்கு, ஹெல்மெட் என்று கூரையிலிருந்து தரை வரைக்கும் சாமான்கள் தொங்கும். பிச்சைமுத்து தன் சிவப்பு மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனபோது நல்ல உச்சி வெயில். பத்துமலை அவனைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான்.

“என்ன மச்சான், மறுபடியுமா?”

“ஹெல்மெட்டுக் கண்ணாடிய மாத்தணும்லா. காத்து சத்தம் தாங்க முடியல.”

“மோட்டார் ஓட்டுனா காத்து அடிக்கத்தான் செய்யும். சத்தமே வேணாம்னா பஸ்ல போ.” கிண்டல் செய்தாலும் பத்துமலை ஹெல்மெட்டை வாங்கிப் பார்த்தான். நெற்றியில் மூன்று பொத்தான் வைத்து, கண்ணாடியை மாட்டிக் கழற்றும் வகை. “இது தட்டைக் கண்ணாடி. கன்னத்தோட ஒட்டாது, ஓரத்துல சீட்டி அடிக்கும். குமிழு மாதிரி வளைஞ்சது ஒண்ணு வந்திருக்கு, அதப் போடு. காத்து வழுக்கிட்டுப் போயிரும். கறுப்பா, வெள்ளையா?”

“வெள்ளை.”

“மொதல்ல கறுப்புதான் வேணும்னு அடம் பிடிச்ச ஆளு நீ!”

கறுப்புக் கண்ணாடியை இறக்கிவிட்டால் உள்ளே இருப்பவன் முகம் வெளியே தெரியாது. அது எவ்வளவு வசதி என்பதைப் பிச்சைமுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரிந்துகொண்டிருந்தான். அந்தக் கண்ணாடியை அப்புறம் அவனே உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டான்.

அந்தக் காலையை இங்கே சொல்லியாக வேண்டும்.

அன்று பீடோரில் ஓர் அலுவலக நண்பருக்குக் கல்யாணம். பிச்சைமுத்து ஈப்போவில் ஓர் ஆபீசில் பியூன். அங்கே குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலே பெரிய கிராணியாக இருந்த இராஜசிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைச் சட்டையும் ஜவ்வாது வாசமுமாக அவன் பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தார். அவரிடம் பிச்சைமுத்து தன் அப்பா ரயில்வேயில் வேலை செய்தவர் என்று சொல்லி வைத்திருந்தான். வாய் கூசாமல் சொன்ன பொய். அப்பா, அம்மா, அக்கா எல்லாரும் அந்தப் பீடோர் சாலையோரத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். அவனும் அங்கே தோட்டக் கூலிகளின் லயத்தில் பிறந்தவன்தான். அம்மா செத்த பிறகு அவனை இடுப்பில் சுமந்து வளர்த்து, தன் சம்பளத்தில் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அக்கா இருளாயி.

அந்த இருளாயிதான் அன்று தோட்டத்து முனையில், சாலையோரமாக நின்றிருந்தாள். ஞாயிறும் வெட்டு இருந்திருக்கிறது. தலையில் கட்டிய துணி, பால் கறை காய்ந்து விறைத்துப்போன பழைய சட்டை. பக்கத்தில், கூட வெட்டுகிற ராக்காயி அவளைத் தாங்கிப் பிடித்திருந்தாள். சிவப்பு வண்டியைப் பார்த்ததும் இருளாயி கையைத் தூக்கினாள்.

“தம்பீ! நில்லுப்பா! தம்பீ!”

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பால் வெட்டுகிற ஆள் சாலையில் கை காட்டினால், வண்டி வைத்திருப்பவன் எவனாக இருந்தாலும் நிறுத்துவான். முன்பின் தெரியாதவனே நிறுத்துவான்.

பிச்சைமுத்து கண்ணாடியை இறக்கினான்.

காயாத பாலின் புளித்த வாடை ஒரு நொடி வீசிப் போனது. பின்னால் இருந்த இராஜசிங்கம் திரும்பிப் பார்த்தார். “ஆரது? உம்மைத்தானே கூப்பிடுறா?”

“தெரியல சார். யாரோ எஸ்டேட்டு ஆளு.”

இருளாயியை நாகம் தீண்டியிருந்தது அவனுக்குத் தெரியாது. ஊர்க் கதை பேசத்தான் கூப்பிடுகிறாள், இவர் முன்னால் மானத்தை வாங்கப் போகிறாள் என்றுதான் நினைத்தான். அதுவரைக்கும் அவன் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் கூப்பிட்டது கேட்டது. பின்னால் இருந்தவருக்கே கேட்டது. அதற்கு மேல் அவன் பக்கம் ஒன்றும் இல்லை.

அடுத்த வண்டி வருவதற்குள் இருளாயி போய்விட்டாள்.

சாவு வீட்டில் ராக்காயி எல்லார் முன்னாலும் கேட்டாள். “ஒன் வண்டிதானே அது? அவ்ளோ கூப்பிட்டாளே, ஒனக்குக் கேக்கலயா?”

“காத்து சத்தம்க்கா,” என்றான் அவன். “ஹெல்மெட்டுக்குள்ள ஒண்ணுமே கேக்காதுக்கா.”

சனங்கள் நம்பினார்கள். பாவம், இவன் என்ன செய்வான், எல்லாரும் போட்டே ஆகணும்னு சட்டம் போட்டுட்டானுங்களே என்று ஹெல்மெட்டைத் திட்டினார்கள். ராக்காயிகூட அவன் தோளைத் தொட்டு, “அழாதடா” என்றாள். அந்தக் கை பட்ட இடத்தைத் தோலோடு பிய்த்து எறிய வேண்டும்போல் இருந்தது அவனுக்கு.

இருளாயிக்கு ஒரே மகள், பாப்பா. அப்பன் எப்போதோ ஓடிப்போனவன். பிச்சைமுத்து அவளை ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டில் இருந்த தன் வாடகை வீட்டுக்குக் கூட்டி வந்தான். ஈப்போவில் ஒரு தையல் பேக்டரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. அவளுக்கும் ஒரு ஹெல்மெட் வாங்கிக் கொடுத்து, தினமும் காலையில் வண்டியில் கொண்டுபோய் விட்டான். “எங்க மாமா இல்லன்னா நான் நடுத்தெருவுலதான் நின்னிருப்பேன்” என்று அவள் பக்கத்து வீட்டில் சொல்வது அவன் காதில் விழும். ஊர் முழுக்கக் காறித் துப்பினாலும் தாங்கிக்கொள்ளலாம், இவளுக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது என்று அவன் மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டான். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வேண்டினானோ!

சத்தம் தொடங்கியது அப்புறம்தான்.

முதலில் அது வெறும் சீட்டிதான். லகாட் சாலையில் ஈயம் தோண்டிய பழைய லம்பக் குட்டைகளின் ஓரமாகப் போகும்போது, இடது காதுப் பக்கம் ஒரு மெல்லிய ஊளை. வேகம் கூடினால் கூடும், குறைந்தால் குறையும். கண்ணாடி ஓரத்தில் காற்று நுழைகிறது என்று நினைத்தான். நியாயமான நினைப்பு. ஆனால் அந்த ஊளைக்கு ஓர் இழுப்பு இருந்தது. மேலே ஏறி, கடைசியில் நீண்டு, அறுந்தது. மறுபடியும் ஏறியது.

அதனால்தான் பத்துமலை கடைக்கு நடையாய் நடந்தான். அன்று வளைந்த கண்ணாடியை மாட்டியதும் சீட்டி நின்றுபோனது. நின்ற இடத்தில் ஏதோ முனகல் கேட்டது. கண்ணாடிக்கும் நெற்றிக்கும் நடுவே ஸ்பாஞ்சு வெட்டி ஒட்டினான். முனகல் தெளிந்தது. கழுத்தில் துண்டைச் சுற்றி, கீழேயிருந்து ஏறும் காற்றையும் அடைத்தான். கடைசியில் காதில் பஞ்சும் வைத்தான்.

காற்று அடியோடு அடங்கியது.

என்ஜின் சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்டது. சாயங்காலம், மழைக்கு முன்னால் கறுத்துக் கிடந்த வானம், லம்பத்துத் தண்ணீர் அசையாமல் இருந்தது. ஹெல்மெட்டுக்குள் காயாத பாலின் புளித்த வாடை ஏறியது.

பிறகு ஓடி வரும் காலடி கேட்டது.

ஒரு கால் ஊன்றி, ஒரு கால் இழுத்து. வண்டியின் வேகத்துக்கே வந்தது. மூச்சு வாங்கும் சத்தம் அவன் காதுக்குள்ளேயே கேட்டது.

“தம்பீ… நில்லுப்பா…”

அவன் திரும்பிப் பார்த்தான். சாலை காலியாக இருந்தது.

“தம்பீ…”

வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்தான். தவளைச் சத்தம், தூரத்தில் ஒரு லாரி, அவ்வளவுதான். புல்லில் விழுந்து கிடந்த ஹெல்மெட்டைப் பார்த்தபடி நின்றபோதுதான் அவனுக்கு உறைத்தது. இத்தனை நாளும் அந்தக் குரலை மூடி வைத்திருந்தது காற்றுதான். அவனே தன் கையால் அதை அடைத்துவிட்டான்.

அன்றிரவே ஸ்பாஞ்சைப் பிய்த்தான். துண்டை அவிழ்த்தான், தட்டைக் கண்ணாடியைத் திரும்ப மாட்டினான். காற்று பழையபடி இரைந்தது. ஆனால் ஒருமுறை கேட்ட காது கேட்காமல் இருக்குமா? எந்த இரைச்சலுக்குள்ளும் அது கேட்டது.

அடுத்த நாள் காலை பாப்பா பின்னால் ஏறினாள். பனி இன்னும் விலகவில்லை. லம்பத்தைத் தாண்டும்போது காலடி தொடங்கியது. ஒரு கால் ஊன்றி, ஒரு கால் இழுத்து. இந்தத் தடவை அக்கா கெஞ்சினாள். “ஒரு நிமிசம் நில்லுப்பா, காலு எரியுதுப்பா…” பிச்சைமுத்துவால் தாங்க முடியவில்லை. கண்ணீர் பார்வையை மறைத்தது. பேக்டரி வாசல் வரைக்கும் எப்படி ஓட்டினான் என்று அவனுக்கே தெரியாது.

பாப்பா இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள்.

“மாமா, ஒண்ணு கேட்டா திட்ட மாட்டீங்களே?”

“கேளு.”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “ஒங்களுக்கும் ஹெல்மெட்டுக்குள்ள கேக்குதா?”

“என்னது?”

“அம்மா.”

பேக்டரிக்குள் போகிற பெண்கள் சிரித்துப் பேசியபடி அவர்களைத் தாண்டிப் போனார்கள். பிச்சைமுத்து என்ஜினை அணைத்தான்.

“நீங்க வாங்கிக் குடுத்த நாள்லேர்ந்து கேக்குது மாமா. மொதல்ல பயமாத்தான் இருந்துச்சு. இப்ப பழகிருச்சு.”

“என்ன… என்ன சொல்லுது?”

“எல்லாம் ஒங்களப் பத்தித்தான்.” பாப்பா லேசாகச் சிரிக்கப் பார்த்தாள், கண் கலங்கிவிட்டது. “‘மாமாவ ஒண்ணும் கேக்காத பாப்பா. தம்பி நல்ல புள்ள. காத்து சத்தத்துல அவனுக்குக் கேக்கல. அவன் மனசு நோகப் பேசிராத’ன்னு தெனமும் அதயேதான் சொல்லுது. நானும் ஒண்ணும் கேக்காமத்தான் இருந்தேன். இன்னைக்கு நீங்க அழுவுறீங்க, அதான்.”

செத்த பிறகும் அக்கா அவன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அவன் சொன்ன பொய்யை அவன் வாயிலிருந்து வாங்கி, பெற்ற மகளிடம் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அவமானம் காலிலிருந்து மேலே ஏறி நெஞ்சை அடைத்தது. பேக்டரி வாசலில், அத்தனை பேர் நடுவில் அம்மணமாக நிற்பதுபோல் இருந்தது.

பாப்பா அவனையே பார்த்தாள். “நெசமாவே கேக்கலதானே மாமா?”

இப்போது சொல்லிவிடலாம். ஒரே வார்த்தைதான். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

“ஆமா பாப்பா,” என்றான். “கேக்கல.”

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு, சாயங்காலம் போட்டுக்கொள்வதற்காகத் தன் ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டினாள். “வாரேன் மாமா” என்று உள்ளே ஓடினாள்.

பிச்சைமுத்து வண்டியைக் கிளப்பவில்லை. பனி விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. எதிரே தொங்கிய பாப்பாவின் காலி ஹெல்மெட்டில், வாய் வரும் இடத்தில், கண்ணாடியின் உள்பக்கம் சின்னதாக ஆவி படிந்தது.

மெல்ல மறைந்தது.

மறுபடியும் படிந்தது.

அவன் கைக்குட்டையை உள்ளே விட்டு அழுத்தித் துடைத்தான். கையில் சூடாக மூச்சு பட்டது.