ஒரு மவுஸ், இரண்டு நாற்காலி

"கையை எடுங்க!"

அவள் சொன்ன வேகத்தில் வகுப்பே திரும்பிப் பார்த்தது. மவுஸின் மேல் அவள் கை. அவள் கையின் மேல்... முன்பின் பார்த்திராத ஒருவனின் கை!

"சாரிங்க... நீங்க தேடுற பட்டன் மேலயே இருந்துச்சு. அதான்..."

"இருந்தா வாயால சொல்லுங்க. அதுக்குத்தானே உங்களைப் பக்கத்துல உட்கார வெச்சிருக்கு?"

அவன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். காது மடல்கள் சிவந்துவிட்டன. ஆனால் கண்கள்... திட்டு வாங்கியும் சிரித்தன. 'முதல் நாளே இப்படி ஒரு ஆளா வந்து வாய்க்கணும்?' என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த மாலை வகுப்பின் டீச்சர் ஒரு தனி ரகம். ஆளுக்கொரு கம்ப்யூட்டர் கொடுத்தால், புரியாதவர்களும் புரிந்த மாதிரியே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, பாதிக் கம்ப்யூட்டர்களை உறை போட்டு மூடிவிட்டாள். இனி இரண்டு பேருக்கு ஒன்று. ஒருவர் கை, மற்றவர் வாய். வாய் மவுஸைத் தொடக் கூடாது. கை, காரணம் கேட்காமல் எதையும் அழுத்தக் கூடாது. மணியடித்தால் இடம் மாற வேண்டும்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். கோளாறைக் கண்டால் வாய்க்கு முன்னால் கை ஓடிவிடும். அவள் மருந்துக்கடைக்காரர் மகள். அக்கா புருஷன் கடைக்கு அடிபோட்டுக்கொண்டிருக்க, அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"கடைச் சரக்கு முழுக்க நீயே கம்ப்யூட்டர்ல ஏத்திக் காட்டு, கடை உனக்கு. முடியலைன்னா மாப்பிள்ளைக்கு. கடைசி வகுப்புக்கு நானே வந்து பார்ப்பேன்."

அன்றிலிருந்து வாயாக இருக்கும்போதெல்லாம் அவன் தன் இரண்டு கைகளின் மேலேயே உட்கார்ந்துகொண்டான். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இத்தனை மாத்திரை பேரை எப்படிங்க ஞாபகம் வெச்சுக்கறீங்க?"

"இத்தனை வயரை நீங்க எப்படி வெச்சுக்கறீங்க?"

"ஒரு தடவை ஷாக் அடிச்சா மறக்காதுங்க."

"இங்கயும் கையை நீட்டினா அடிக்கும்... ஜாக்கிரதை!"

வெளியே மழை பிடித்துக்கொள்ளும் நாட்களில் படிக்கட்டின் கீழ் ஒதுங்கி நிற்பார்கள். ஜன்னல் கண்ணாடியில் வழியும் நீரைப் பார்ப்பது போல் நடித்து அவன் அவளைப் பார்ப்பான். அவள் பார்க்காதது போல்... பார்ப்பாள்.

ஒருநாள் அவளுடைய பட்டியல் சண்டித்தனம் செய்தது. காலாவதியாகப் போகும் மருந்துகள் சிவப்பாக மாற வேண்டும். பாதி மாறின, பாதி அசையவே இல்லை. அலுத்துப்போய்த் தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வந்தால்... திரையில் எல்லாம் சரியாகச் சிவந்திருந்தன!

"பிரமாதம்!" என்றாள் டீச்சர்.

"நான் செய்யலை டீச்சர்." அவன் பக்கம் திரும்பினாள். "கடைக்கு வந்து தினமும் நீங்களா உட்காரப் போறீங்க? எனக்கு முடியாதுன்னு நீங்களே முடிவு கட்டிட்டீங்க, இல்ல?"

அவன் வாய் திறப்பதற்குள் வேறு நாற்காலிக்குப் போய்விட்டாள். அதன் பிறகு படிக்கட்டின் கீழ் மழைச் சத்தம் மட்டும்தான்.

கடைசி வகுப்பு. அப்பா வாசலோரம் கைகட்டி நின்றார். பட்டியலை அவள் முதலிலிருந்து புதிதாக ஏற்றியிருந்தாள். ஆனால் இப்போதும் பாதி வரிகள் அசையவில்லை. அவள் எழுந்தாள். வீம்பை ஓரமாக வைத்துவிட்டு நேரே அவனிடம் போனாள்.

"வாயை மட்டும் கொண்டு வாங்க."

அவன் வந்தான். பார்த்த மாத்திரத்தில் கோளாறு தெரிந்துவிட்டது... அவன் முகத்திலேயே அது தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"சிவந்த வரியையும் சிவக்காத வரியையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரெண்டும் ஒண்ணு போலவா இருக்கு?"

பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"ஐயோ... இதுல தேதிக்கு நடுவுல புள்ளி, அதுல கோடு! புள்ளி வெச்சதை இது தேதின்னே எடுத்துக்கலை!"

"நீங்களே சொல்லிட்டீங்களே..."

அவள் விரல்கள் பறந்தன. ஒவ்வொரு வரியாகச் சிவந்தது. அப்பா கிட்டே வந்து, "அடுத்த மாசம் தூக்கிப் போட வேண்டியது எது?" என்று கேட்டார். ஒரே சொடுக்கில் காட்டினாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாளையிலேர்ந்து கல்லாவுல நீ உட்காரு. மாப்பிள்ளைகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

வெளியே மழை. அப்பா முன்னால் போய்த் தெரு வாசலில் குடையை விரித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு சொல்லணுங்க..." அவன் தடுமாறினான். "அன்னிக்கு நான் செஞ்சது தப்பு. அதைவிட... உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்ப."

"தெரியும்."

"எப்படி?"

"விடை தெரிஞ்சும் எனக்காகப் பல்லைக் கடிச்சிட்டு உட்கார்ந்திருந்தீங்களே... அப்பவே."

"அப்போ இப்பவே போய் உங்க அப்பாகிட்ட..." அவன் மழையில் இறங்கியே விட்டான்.

"நில்லுங்க! இது நான் பேச வேண்டியது."

அவனைத் தாண்டி அப்பாவிடம் நிமிர்ந்தே நடந்தாள்.

"அப்பா... இவரை எனக்குப் பிடிச்சிருக்கு. அக்கம்பக்கம் சொல்லி நீங்க கேள்விப்படக் கூடாது. அதான் நானே சொல்றேன்."

அப்பா அவளைப் பார்த்தார். தூரத்தில் மழையில் நட்ட கம்பம் போல் நின்றவனைப் பார்த்தார்.

"சளி பிடிச்சுக்கிட்டு நாளைக்கு நம்ம கடைக்குத்தான் மருந்துக்கு வரப்போறான். குடைக்குள்ள வரச் சொல்லு."