கேக்கை மறுத்த கை

போன் அலறியது.

சப் இன்ஸ்பெக்டர் சேதுபதி எடுக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி முழுக்க ஒரு கிராமத்துத் திருவிழாவில் பந்தோபஸ்து. விடிந்து வந்து நாற்காலியில் விழுந்து, ஒரு பூட்ஸைக் கழற்றியிருந்தார். இன்னொன்றைக் கழற்றுவதற்குள்...

ட்ரிங்... ட்ரிங்...!

“அய்யா, போனு...” என்றாள் பெண் காவலர் பேச்சாயி.

“காது இருக்கு பேச்சாயி. செத்த நேரம் கத்தட்டும். எப்புடியும் நல்ல சேதி சொல்லப் போறதில்ல.”

அது ஓய்வதாக இல்லை. எடுத்தார்.

“சார்... ஆத்தூர் டேம்லருந்து பேசுறேன்... ஷட்டர் பக்கத்துல ஒரு பொணம் ஒதுங்கியிருக்கு சார்!”

சேதுபதி கழற்றிய பூட்ஸை மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

வைகாசி மாதம். எண்பத்தைந்தாம் வருஷத்து வெயில். காலையிலேயே கொதித்தது.

கரையில் கிடந்த பிணத்துக்கு முகம் இல்லை!

பாதியைக் கல் தின்றிருந்தது. மீதியை மீன் தின்றிருந்தது. நீலச் சட்டை. இடது மணிக்கட்டில் நின்றுபோன வாட்ச். விரலில் ‘த’ என்று எழுத்துப் போட்ட மோதிரம். விரல் நகங்கள் பத்தும் பழுப்பேறியிருந்தன.

சேறாக இருக்கும்.

மதியத்துக்குள் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. பக்கத்து வேலாம்பட்டியிலிருந்து ஒரு விவசாயி வந்தார். மோதிரத்தைப் பார்த்தார். வாட்சைப் பார்த்தார். முகம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்க்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

“எம் மகந்தான் சார்... அசோக்குமாரு...”

அசோக்குமார். ஸ்பின்னிங் மில்லில் வேலை. தையில் நிச்சயதார்த்தம். ஆவணியில் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை டேமுக்குப் போனவன் திரும்பவில்லை. இன்றைக்குப் புதன்.

“பொணத்த எப்ப எடுத்துட்டுப் போறீங்க பெரியவரே?”

“ஊர்ல திருவிழா சாட்டியிருக்கு சார். ஆத்தாளுக்குக் காப்புக் கட்டியிருக்கு. வார செவ்வாக்கெழம மஞ்ச நீராட்டு முடியாம பொணத்த ஊருக்குள்ள கொண்டாரக் கூடாதுன்றாக. இங்கேயே எரிச்சிரலாம்னா... அவன் அம்மா ஊருக்குத்தான் கொண்டாரணும்ங்கிறா. ஆஸ்பத்திரியிலயே கெடக்கட்டும் சார்...”

கெடக்கட்டும். சேதுபதிக்கு அதுவும் ஒரு பஞ்சாயத்துக் குறைந்த மாதிரி.

கேஸும் சுலபமாகத்தான் தெரிந்தது. டேமுக்குப் போனவர்கள் அசோக்குமார், அவனுக்கு நிச்சயித்த பெண் தமிழ்மதி, துணைக்கு அவளுடைய சித்தி, அப்புறம் மில்லில் கூட வேலை பார்க்கும் நண்பன் சோலைமலை. பெண்கள் இருவரும் மத்தியானம் பஸ் ஏறிவிட்டார்கள். ஆண்கள் இருவரும் குளித்துவிட்டு வருவதாகச் சொல்லி அங்கேயே தங்கினார்கள்.

ஒருவன் பிணமாகி விட்டான். இன்னொருவனைக் காணவே காணோம்!

மறுபடியும் போன். இந்த முறை இன்ஸ்பெக்டர்.

“என்ன சேது, இன்னுமா யோசிக்கிற? சோலைமலைக்கும் அந்தப் புள்ளைக்கும் தொடுப்பு. மாப்பிள்ளையப் போட்டுத் தள்ளிட்டான். பொண்ண உள்ள வையி. அவன் தன்னால வருவான். சாயங்காலத்துக்குள்ள ரிமாண்ட்!”

“சரிங்க சார்.”

சரி என்பதற்கு மட்டும்தான் தெம்பு இருந்தது.

தமிழ்மதிக்கு இருபத்தொரு வயது. நாகல்நகர். டைப்ரைட்டிங் லோயர் பாஸ். பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுகை வராமல், என்ன செய்வதென்று தெரியாத முகம். வாசலில் அவளுடைய அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார்.

“சார், என்னைய உள்ள வச்சிருவீங்களா?”

“யாரு சொன்னா?”

“எங்க தெருவே சொல்லுது சார். ராசி இல்லாதவன்னு மத்தியானம் சொன்னாக. இப்பக் கொலகாரியாம். எனக்குக் கீழ ரெண்டு தங்கச்சி இருக்கு சார். நான் இந்த வாசப்படி ஏறி உள்ள போயிட்டா அதுகளையும் யாரும் கட்ட மாட்டாக.”

சேதுபதி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நிச்சயம் ஆனதுலருந்து எங்கெங்க போவீங்க?”

“ஞாயித்துக்கெழமையானா மேட்னி சார். படம் நல்லாருக்கோ இல்லையோ. அப்பறம் மலைக்கோட்ட. மூச்சு வாங்க ஏறுவோம்... எறங்குவோம். அப்பறம் பிரியாணி. அப்பறம் பஸ் ஸ்டாண்டு. மறு வாரமும் அதேதான்.”

“சந்தோஷமா இருந்துச்சா?”

“காலு வலிச்சுச்சு சார்.”

பேச்சாயி சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“சோலைமலை எதுக்குக் கூடவே?”

“கேமரா அவருதுல்ல? இவருக்குப் போட்டோ புடிச்சுக்கணும். பீரங்கிகிட்ட ஒண்ணு, சுனைகிட்ட ஒண்ணு, கருப்புக் கண்ணாடி போட்டு ஒண்ணு, போடாம ஒண்ணு. பக்கத்துல நான் நிப்பேன், போஸ்ட்டு மரம் மாதிரி. சோலைமலை அண்ணன்தான் பாவம். வெயில்ல நின்னு எடுக்கும். வீட்டுல குளிக்கிற ரூமை அடச்சு வச்சு, மருந்து கரச்சு, அதுவே கழுவிக் கொண்டாரும். அதுக்கு அதாஞ் சார் பொழுதுபோக்கு.”

“அண்ணனா?”

“பின்ன?”

“டேம்ல உங்கிட்ட என்னமோ சொன்னானாமே? உங்க சித்தி சொன்னாக.”

தமிழ்மதி தலையைக் குனிந்தாள்.

“அவரு அந்தப் பக்கம் தலை சீவிக்கிட்டு இருந்தாரு. அப்ப அண்ணன் வந்து, ‘தமிழு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும், நாளைக்கு வீட்டுக்கு வாரேன்’னுச்சு. கேமராவ எங்கிட்டயே குடுத்து விட்டுச்சு. வரல...”

காதலைச் சொல்ல வந்திருப்பான் என்பது இன்ஸ்பெக்டர் கணக்கு. சேதுபதிக்கும் அதை மாற்றிப் போடுகிற எண்ணம் இல்லை. தூக்கம் கண்ணைச் சொருகியது. ரிமாண்ட் பேப்பரை இழுத்தார்.

அப்போதுதான் பஜார் ஸ்டுடியோவிலிருந்து அந்தக் கவர் வந்தது.

அவளிடம் இருந்த கேமராவை மத்தியானமே வாங்கி, ரோலைக் கழுவக் கொடுத்திருந்தார். இன்னும் ஈரம் காயாத கறுப்பு வெள்ளைப் படங்கள். அசோக்குமார் ஷட்டர் மேல். அசோக்குமார் மர நிழலில். அசோக்குமார், பின்னால் பாதி தமிழ்மதி...

கடைசிப் படத்தில் கேக்!

“இது என்னம்மா?”

“அன்னைக்கு என் பொறந்தநாளு சார். அண்ணந்தான் பேக்கரியில வாங்கிட்டு வந்துச்சு. நான் அவருக்கு ஊட்டப் போனேன். வேணாம்னுட்டாரு.”

“ஏன்?”

“முட்ட போட்டதுல்ல. தீச்சட்டி எடுக்குறதுக்குக் காப்புக் கட்டியிருந்தாரு. பிரியாணிகூட வேணாம்னுட்டாரு.”

படத்தில் தமிழ்மதி கேக்கை நீட்டுகிறாள். அசோக்குமார் சிரித்துக்கொண்டே வலது கையை உயர்த்தித் தடுக்கிறான். அந்த மணிக்கட்டில் ஒரு கயிறு. கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டு.

சேதுபதி படத்தைப் பார்த்தார்.

பார்த்துக்கொண்டே இருந்தார்.

தூக்கம் போய்விட்டது!

“பேச்சாயி... காப்புக் கயிறு தண்ணியில கெடந்தா அவுந்திருமா?”

“அவுழாதுங்கய்யா. பூசாரி மூணு முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டுறது. எங்க வீட்டுக்காரரு காப்புக் கட்டிட்டு அம்புட்டு நாளும் கெணத்துலதான் நீச்சலு. கடைசியில மஞ்ச நீராட்டு அன்னைக்கு அறுத்துத்தான் எடுத்தாரு.”

“அவனே கழட்டிப் போட்டிருந்தா?”

“அய்யய்ய! நடுவுல கழட்டுனா ஆத்தா கண்ணப் புடுங்கிரும்னு சின்னப் புள்ளையிலருந்து சொல்லி வளப்பாகய்யா. வேலாம்பட்டிக்காரன் கையக்கூட வெட்டிப்பான்... கயித்தத் தொட மாட்டான்.”

சேதுபதி எழுந்தார். ரிமாண்ட் பேப்பர் மேஜையிலேயே கிடந்தது.

“ஜீப்ப எடுக்கச் சொல்லு. நீயும் வாம்மா தமிழ்மதி.”

சவக்கிடங்கில் அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“முகத்தப் பாக்க வேணாம். இந்தக் கைய மட்டும் பாரு.”

ஊதிப் போன வலது கை. கயிறு இல்லை. ஊதிய சதையில் கயிறு அழுந்திய தடமும் இல்லை. எந்நாளும் கட்டாத கை!

தமிழ்மதி குனிந்தாள். பழுப்பேறிய நகங்களையே உற்றுப் பார்த்தாள். அவள் முகம் மெல்லக் கோணியது.

“சார்... இது... அவரு கையில்ல...”

“வேற யாருது?”

“போட்டோ கழுவுற மருந்துக் கறை சார் இது... எம்புட்டுத் தேச்சாலும் போக மாட்டேங்குதுன்னு சொல்லும்...” சுவரைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணே...! அய்யோ, சோலைமலை அண்ணே...!”

மாப்பிள்ளை செத்தான் என்றபோது வராத அழுகை, இப்போது வந்தது.

பேச்சாயி அவளைத் தாங்கிக்கொண்டாள். சேதுபதி வெளியே வந்து ஜீப்பில் ஏறினார்.

“எங்கய்யா?” என்றார் டிரைவர் நைனா முகமது.

“வேலாம்பட்டி.”

“அங்க எதுக்குய்யா? கொன்னு போட்டு, தன் சட்டையை மாட்டி விட்டு, செத்தவனாட்டம் தப்பிச்சவன். மூணு நாளாச்சு. இந்நேரம் பம்பாய் போயிருப்பான்.”

“போக மாட்டான் நைனா. சட்டையக் கழட்டி மாட்டியிருக்கான். வாட்சக் கழட்டியிருக்கான். நிச்சயதார்த்த மோதிரத்தையே கழட்டியிருக்கான். கயித்த மட்டும் கழட்டல. அவ்வளவு பயம். காப்புக் கட்டுனவன் ஊரு எல்லையத் தாண்டி ராத்தங்கக் கூடாதும்பாக. கயித்தக் கழட்டப் பயப்படுறவன், அதச் செய்வானா?”

நைனா முகமது யோசித்தார்.

“எங்க பேகம்பூர்ல கொலைகாரனுக்கு இம்புட்டு பக்தி கெடயாதுங்கய்யா.”

“நீ ரோட்டப் பாத்து ஓட்டு.”

வேலாம்பட்டிக்கு வெளியே அசோக்குமார் வீட்டுத் தென்னந்தோப்பு. நடுவில் மோட்டார் ரூம். கதவு சாத்தியிருந்தது. வெளியே பூட்டு இல்லை. பக்கத்தில் குடித்துப் போட்ட இளநீர்க் கூடுகள் ஒரு குவியல். மேலே கிடந்தவை இன்னும் வாடவில்லை.

சாவு விழுந்த வீட்டில் யார் உட்கார்ந்து இளநீர் குடிக்கிறார்கள்?

சேதுபதி கதவைத் தட்டவில்லை. கத்தவும் இல்லை. வாய்க்கால் திட்டில் உட்கார்ந்து பூட்ஸைத் தளர்த்திக்கொண்டார்.

“அசோக்குமாரு... வெளிய வாப்பா. உன் கருமாதிக்கு நாள் குறிக்கப் போறாக. ஒனக்குத் தோதான நாளச் சொல்லிட்டுப் போ.”

கதவு அசையவில்லை.

“வெயில்ல என்னைய உக்கார வைக்காதடா. நான் ரெண்டு நாளாத் தூங்கல.”

கதவு திறந்தது.

உயிரோடு நின்றான்! கட்டம் போட்ட சட்டை. அது சோலைமலையுடையது. தோளில் தையல் பிரிந்திருந்தது. வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு அப்படியே இருந்தது.

“எதுக்குடா அவன அடிச்ச?”

அசோக்குமார் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

“ஒட்டன்சத்திரத்துல எனக்கு ஒரு பொண்டாட்டி இருக்கு சார்... ரெண்டு வருசமாச்சு. அது சோலைமலைக்குத் தெரிஞ்சு போச்சு. ‘தமிழ்மதிகிட்ட நாளைக்குச் சொல்லிருவேன், நீயா சொல்லிட்டா நல்லது’ன்னான்...”

“நீயே சொல்லியிருக்கலாம்ல?”

“எங்கய்யாவ நெனச்சுப் பயம் சார்.”

“கொலை பண்ணப் பயமா இல்லையா?”

எங்கோ ஒரு மைனா கத்தியது.

“செத்தவனாயிட்ட. கேஸு சோலைமலை மேல போயிரும். அந்தப் பொண்ணு உள்ள போகும். உனக்கு ஒட்டன்சத்திரம் இருபது மைலு. போயிருக்க வேண்டியதுதானே?”

“வார செவ்வாக்கெழம மஞ்ச நீராட்டு சார்... அதுக்கப்பறம் போயிரலாம்னு...”

“கயித்த அறுத்து அவன் கையில கட்டியிருந்தா, நான் அந்தப் புள்ளைய உள்ள வச்சுட்டு இந்நேரம் தூங்கியிருப்பேன்.”

“சாமி குத்தம் ஆயிரும்ல சார்!”

சேதுபதிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பில்லை.

“என்னடா வேண்டுதல்?”

அசோக்குமார் கயிற்றைத் தடவிக்கொண்டே தலையைக் குனிந்தான்.

“எங்கம்மா நேந்துக்கிட்டது சார்... எனக்கு நல்லபடியாக் கல்யாணம் நடக்கணும்னு...”

ஜீப்பில் ஏற்றினார்கள். ஏலத்தில் எடுத்த மாடு மாதிரி பேசாமல்தான் ஏறினான். ஊர் முகப்பில் வேப்பிலைத் தோரணம் கட்டிய எல்லைக் கல் தெரிந்ததும்தான் துள்ளினான்!

“சார்... சார்...! வண்டிய நிப்பாட்டுங்க சார்! பொழுது சாஞ்சிருச்சு! காப்போட எல்ல தாண்டி ராத்தங்கக் கூடாது சார்! ஆத்தா கண்ணப் புடுங்கிரும் சார்!”

நைனா முகமது பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, என்ன செய்வது என்பதுபோல் சேதுபதியைப் பார்த்தார்.

சேதுபதி இந்த முறை இரண்டு பூட்ஸையும் கழற்றி, சாவகாசமாகக் காலை நீட்டிக்கொண்டார்.

“நீ ஓட்டு நைனா.” பின்னால் திரும்பாமலே சொன்னார். “பயப்படாதலே... ஆத்தாகிட்ட உனக்கு நான் லீவு சொல்லிக்கிறேன்... ஆயுசுக்கும்!”