நான்குக்கு முந்தைய தட்டல்

வியாழனின் நிலவான யூரோப்பாவின் பனிக்கு அடியில் வேலை செய்பவர்களின் கலங்கள் மணிக்கு ஒருமுறை பனியைத் தட்டும். மீதிக் காற்று எத்தனை பத்து மணி நேரமோ, அருகிலுள்ள பத்துக்கு முழுமையாக்கி, அத்தனை தட்டல். வேறெந்தச் செய்தியும் பனியைத் தாண்டி வராது. கேட்பறையில் ஷகிலா புது எண்ணைப் பலகையில் எழுதுவாள், பழையதை அழிப்பாள். பழைய எண் பொய் எண். அது இங்கே சட்டம்.

அன்று காலை அவள் கணவன் அன்வரின் கலம் பிளவில் சிக்கியது. ஆழம் எண்பது மீட்டர். நான்கு தட்டல்.

"நாலு தட்டுன்னா நாற்பது மணி. அது முப்பத்தஞ்சாவும் இருக்கலாம்" என்றார் தலைமைப் பொறியாளர் வேதமுத்து. "ஆழம் எண்பதுன்னா எண்பத்தஞ்சு வரைக்கும் போகலாம். துளைப்பான் மணிக்கு ரெண்டு மீட்டர். நாற்பத்திரண்டரை மணி. முடியாதும்மா."

துளைப்பான் ஓடினால் குடியிருப்பின் வெப்பம் முழுவதையும் அது குடித்துவிடும். அறுநூறு பேர் குளிரில் கிடக்க வேண்டும். அதனால் மீட்புக்கு ஆகக்கூடிய அதிகபட்ச நேரம் காற்று நிச்சயமாக நீடிக்கும் நேரத்தைத் தாண்டினால் யாரும் அசைவதில்லை.

"சார், போன மணி அஞ்சு தட்டுச்சு."

"பலகையில இல்லையே."

"அழிச்சுட்டேன். அஞ்சு இப்பத்தான் நாலாச்சு. இந்த ஒரு மணிக்குள்ளதான் காற்று நாற்பத்தஞ்சுக்குக் கீழ இறங்கியிருக்கு. நாற்பத்துநாலுக்குக் குறையாது."

வேதமுத்து பலகையைப் பார்த்தார். பத்து மணி அகலமுள்ள ஓர் எண், எல்லையைத் தாண்டும் அந்த ஒரு நொடியில் மட்டும் ஊசிமுனையாகிவிடுகிறது. இத்தனை வருடம் அதைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"புருஷனுக்காகப் பொய் சொல்லலையே?"

"நான் சொல்றது நிஜம்னா இப்பலேருந்து பத்தாவது மணி மூணு தட்டும். அப்ப தெரியும். ஆனா அதுவரைக்கும் காத்திருந்தா ஆள் இருக்க மாட்டாரு. நாற்பத்துநாலுல நாற்பத்திரண்டரை போனா மிச்சம் இருக்கறதே ஒன்றரை மணி. பேசியே கால் மணி போச்சு."

அவர் துளைப்பானை ஓடவிட்டார்.

சுவர்களில் உறைபனி படிந்தது. அறுநூறு பேரும் போர்வையோடு கேட்பறை வாசலில் நெருக்கியடித்து நின்றார்கள். ஒன்பதாவது மணி, நான்கு. பத்தாவது மணிக்கு ஒருவரும் மூச்சுவிடவில்லை. ஒன்று. இரண்டு. மூன்று. பிறகு பனியின் மௌனம். ஒரு கிழவர் காரணமில்லாமல் கைகூப்பினார்.

நாற்பத்தோராவது மணியில் அன்வரை வெளியே இழுத்தார்கள்.

"என்னடி, மேலதான் குளிர் அதிகமா இருக்கு?" என்றான்.

ஷகிலா சிரித்தாள். கூட்டம் கலைந்தது. ஒருத்தி மட்டும் போகவில்லை. சென்ற ஆண்டு நான்கு தட்டலோடு கைவிடப்பட்ட நாச்சியப்பனின் மனைவி, கோமதி.

"அக்கா, அன்னிக்கும் நீங்கதான் ட்யூட்டி. அவருக்கு நாலுக்கு முன்னாடி எத்தனை தட்டுச்சு?"

ஷகிலாவுக்கு ஞாபகம் இல்லை.